அங்குலம் தப்பாத அரசாங்கம்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வால்ஐ என்றொரு நன்னீர் மீன் உண்டு. இருட்டில் விளக்கடித்தால் பூனைக்கண்போல் மின்னும். அது 28 அங்குலம் இருந்தால், பிடித்தவரை மாநில அரசு பாராட்டிச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் அனுப்பும். கால் அங்குலம் குறைந்தால் அனுப்பாது. கெண்டை என்றால் 26 அங்குலம், மஸ்கி என்றால் 36, ப்ளூகில் என்கிற பொடியன் 9 அங்குலம் இருந்தால் போதும். ஒரே ஆண்டில் நான்கு இனங்களில் தேறியவருக்குத் தூண்டில் மேதை என்ற பட்டமும் அதற்குத் தனிச் சின்னமும் கிடைக்கும். ‘ஃபிஷ் ஒஹாயோ’ என்ற இந்தத் திட்டம் 1976-லிருந்து நடக்கிறது. மீனைக் கொல்ல வேண்டிய அவசியமில்லை. அளவுகோல்மேல் கிடத்து, அளந்துகொள், படம் எடு, திரும்பத் தண்ணீரில் விடு. மீனுக்கு வாயில் ஓட்டை, மனிதருக்குச் சட்டையில் ஓட்டை. கணக்கு நேர்.

இவ்வளவு துல்லியமான ஓர் அரசாங்கத்தைப் பார்த்து எனக்கு மெய்சிலிர்க்கிறது. மீனின் மூக்கிலிருந்து வால் நுனி வரை அதற்கு அத்துப்படி. அந்த மீன் நீந்தும் தண்ணீர் என்று வரும்போதுதான் பாவம், அதன் அளவுகோல் காணாமல் போய்விடுகிறது.

2022 செப்டம்பர் 30. ஈரி ஏரிக்கரையில், கிளீவ்லாந்து நகரில் வால்ஐ பிடிக்கும் போட்டி ஒன்று முடிந்து எடைபோடுகிறார்கள். முதல் பரிசு சுமார் 29,000 டாலர். ஓர் அணி கொண்டுவந்த ஐந்து மீன்களும் பார்வைக்கு நாலு நாலு பவுண்டு தேறும். தராசோ மொத்தம் 33 பவுண்டுக்கு மேல் காட்டுகிறது. போட்டி நடத்துநருக்குக் கண் உறுத்திற்று. வயிற்றைத் தடவிப் பார்த்தார், கெட்டியாக எதுவோ தட்டுப்பட்டது. எல்லார் முன்னிலையிலும் கத்தியால் கிழித்தார். உள்ளேயிருந்து ஈயக்குண்டுகள் உருண்டு வந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, ஐந்து மீனில் பத்து குண்டுகள். கூடவே வேறு வால்ஐ மீன்களின் சதைத் துண்டுகளையும் அடைத்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பழைய வித்தை. மீனை மீனிலேயே மறைக்கும் வித்தையை அன்றைக்குத்தான் உலகம் காணொளியில் பார்த்தது.

சட்டம் சீறிப் பாய்ந்தது. மாவட்டப் பெருங்குற்ற வழக்கு. அந்த அணியிலிருந்த இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2023 மே மாதம் தீர்ப்பு: ஆளுக்குப் பத்து நாள் சிறை, 2,500 டாலர் அபராதம், மூன்று ஆண்டுகளுக்கு மீன்பிடி உரிமம் இல்லை. ஒரு லட்சம் டாலர் பெறுமான படகும் பறிமுதல். சரியான தண்டனைதான். அந்த இரண்டு பேருக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடப்போவதில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். மீன் வயிற்றுக்குள் ஈயத்தைப் போட்டால் சிறை. அதே ஈயக்குண்டைத் தூண்டில் நரம்பில் கட்டி ஏரிக்குள் போட்டு, நரம்பு அறுந்து அது அடியிலேயே கிடந்துவிட்டால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. லூன் என்னும் நீர்ப்பறவை, இரையை அரைப்பதற்காகக் கூழாங்கல் விழுங்கும் பழக்கமுள்ளது. கல்லென்று நினைத்து ஈயக்குண்டையும் விழுங்கிச் செத்துப்போகிறது. நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சில மாநிலங்கள் இதற்காகவே சிறிய ஈயக்குண்டுகளுக்குத் தடை போட்டிருக்கின்றன. ஒஹாயோவில் கடையில் தாராளமாக வாங்கலாம். அங்கே ஈயம் குற்றமாவது பரிசுப் பணத்தைத் தொடும்போது மட்டும்தான்.

அடுத்தது பாதரசம். நிலக்கரியை எரித்தால் புகையோடு கிளம்பும், மழையோடு இறங்கும். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதைக் கொடிய வடிவத்துக்கு மாற்றும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னும், அதை இன்னும் பெரிய மீன் தின்னும், ஒவ்வொரு படியிலும் நஞ்சு சேரும். ஆக, தண்ணீரில் அதிகப் பாதரசம் சுமப்பது எது? வயதான, பெரிய, வேட்டையாடித் தின்னும் மீன். அதாவது, விருது வாங்கித் தரும் மீன்.

ஒஹாயோ அரசு ஒரு கையில் அளவுகோலும் மறு கையில் எச்சரிக்கைத் துண்டறிக்கையும் வைத்திருக்கிறது. பைக் என்ற மீன் 23 அங்குலத்தைத் தாண்டினால் மாதம் ஒரு வேளைக்கு மேல் உண்ணாதே, பாதரசம் இருக்கிறது என்கிறது துண்டறிக்கை. அதே பைக் 32 அங்குலம் இருந்தால் இந்தா சின்னம் என்கிறது விருதுத் திட்டம். ஆகவே விருது பெறும் பைக் ஒவ்வொன்றும், அதே அரசின் கணக்குப்படி, மாதம் ஒரு தடவைக்கு மேல் தட்டில் வைக்கத் தகாதது. நஞ்சு எவ்வளவு நீளமோ அவ்வளவு கௌரவம். பிடித்துவிட்டுத் திரும்ப விடுவது கருணை என்று பிரசங்கம் செய்கிறார்கள். விடாமல் என்ன செய்வது, தின்றா தொலைப்பது? வார இறுதிப் படகுக்காரருக்கு இது வேடிக்கை. சனிக்கிழமைச் சாப்பாட்டுக்காகக் கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் ஏழைக்கு? அவருக்குச் சின்னம் வேண்டாம், குழம்பு வேண்டும்.

1932-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இருபது வயது விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ் மீனைப் பிடித்தார். இன்றுவரை அதைத் தெளிவாக மிஞ்சியவர் இல்லை. ஜப்பானின் பிவா ஏரியில் 2009-ல் ஒருவர் ஓர் அவுன்ஸுக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் எடையில் பிடித்தார். இரண்டு அவுன்ஸ் கூடினால்தான் புதிய சாதனை என்பது விதி, ஆகவே இருவரும் சமம். ஜப்பான்காரரைப் பொய்யறியும் கருவியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள், அவர் தேறினார். பெர்ரியின் மீன் என்ன ஆயிற்று? ஒரு பத்திரிகைப் போட்டியில் 75 டாலர் பெறுமான சாமான்களை அவருக்கு வாங்கிக் கொடுத்தது. அதற்கு முன்பே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். உலகச் சாதனை இரண்டு வேளைச் சாப்பாடாயிற்று. அந்த மரியாதை இன்றைக்கு எந்த விருது மீனுக்குக் கிடைக்கிறது?

பொய்யறியும் கருவி என்றதும் நினைவுக்கு வருகிறது. மீன்பிடித்தவனை அதில் உட்காரவைத்தவர்கள், சட்டமன்றத்தில் யாரையாவது உட்காரவைத்தார்களா? 2019-ல் ஒஹாயோவில் ஒரு மின்சாரச் சட்டம் நிறைவேறியது. இரண்டு அணுமின் நிலையங்களுக்கு மக்கள் கட்டணத்திலிருந்து உதவி, கூடவே 1950-களில் கட்டிய இரண்டு நிலக்கரி நிலையங்களுக்கும் மானியம். அதில் ஒன்று ஒஹாயோவிலேயே இல்லை, பக்கத்து இந்தியானாவில் இருக்கிறது. இந்தச் சட்டத்துக்காகக் கைமாறிய லஞ்சம் சுமார் 6 கோடி டாலர். பேரவைத் தலைவராக இருந்த லாரி ஹவுஸ்ஹோல்டருக்கு 2023 ஜூனில் இருபதாண்டுச் சிறை விதித்தார்கள். அணுமின் மானியத்தை 2021-ல் ரத்து செய்தார்கள். நிலக்கரி மானியம் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடிற்று. மீன் வயிற்றிலிருந்த ஈயத்தை எடுத்த கத்தி, சட்டத்தின் வயிற்றிலிருந்த நிலக்கரியைத் தொடவில்லை.

இனி ஏரிக்கே வருவோம். 2014 ஆகஸ்ட் 2, விடிந்தும் விடியாத நேரம். டொலீடோ நகர மக்களுக்கு அறிவிப்பு: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள். கொதிக்கவைத்தால் நஞ்சு இன்னும் அடர்த்தியாகும். ஈரி ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகி, அதன் நஞ்சு குடிநீர்க் குழாய்க்குள் வந்துவிட்டது. சுமார் 4 லட்சம் பேர் மூன்று நாள் ஏரியைப் பார்த்துக்கொண்டே தாகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். காரணம் ரகசியமில்லை. மாமி ஆற்றுப் படுகையின் வயல்களிலிருந்து உரமும் சாணமும் கழுவி வரும் பாஸ்பரஸ். ஆனால் 1972-ன் தூய நீர்ச் சட்டம் வயல்நீரைப் பெரும்பாலும் விட்டுவிட்டது. குழாய் வழியாக வந்தால் கழிவு, வயல் வழியாக வந்தால் வெறும் மழைத்தண்ணீர்!

2015-ல் ஒஹாயோ, மிஷிகன், கனடாவின் ஒன்டாரியோ மூன்றும் கையெழுத்திட்டன: 2025-க்குள் பாஸ்பரஸை 40 விழுக்காடு குறைப்போம். 2025 வந்தது, 40 விழுக்காடு வரவில்லை. நடுவில் ஒஹாயோ அரசு, உரத்தைப் பக்குவமாகப் போடும் விவசாயிகளுக்குப் பணம் கொடுக்க ஒரு திட்டம் தொடங்கியது. மீனுக்குள் ஈயம் வைத்தவனுக்குச் சிறை, ஏரிக்குள் பாஸ்பரஸ் வராமலிருக்க ஊக்கத்தொகை. யாராவது அந்த மீன்பிடிப்பவர்களிடமும் ஆளுக்கு நூறு டாலர் கொடுத்து ‘தயவுசெய்து ஈயம் வைக்காதீர்கள்’ என்று கெஞ்சியிருந்தால் பத்து நாள் சிறையை மிச்சப்படுத்தியிருக்கலாமே.

டொலீடோ மக்கள் பொறுத்துப் பார்த்தார்கள். 2019 பிப்ரவரியில் ஏரிக்கே உரிமைச் சாசனம் ஒன்றை எழுதி வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். ஈரி ஏரிக்கு வாழவும் செழிக்கவும் உரிமை உண்டு, மீறுபவர்மேல் அதன் சார்பில் வழக்குப் போடலாம். மறுநாளே ஒரு பண்ணை நீதிமன்றத்துக்குப் போயிற்று. மாநில அரசும் அந்தப் பக்கமே போய் உட்கார்ந்தது. அதே ஆண்டு பட்ஜெட் சட்டத்தில், இயற்கை எந்த நீதிமன்றத்திலும் வழக்காடக் கூடாது என்று ஒரு ஷரத்தையும் செருகிவைத்தார்கள். 2020 பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிபதி சாசனத்தைச் செல்லாது என்று தள்ளினார். சொன்ன காரணம்: தெளிவில்லை.

தெளிவில்லையாம்! வால்ஐ 28 அங்குலம் என்பது தெளிவு. நாலு லட்சம் பேர் குடிக்கிற தண்ணீர் நஞ்சாகக் கூடாது என்பது தெளிவில்லை.

ஈயக்குண்டு வழக்கு விசாரணையில் இருந்த சமயத்திலேயே, 2023 பிப்ரவரி 3 இரவு, அதே மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரில் நார்ஃபோக் சதர்ன் நிறுவனத்தின் சரக்கு ரயில் தடம்புரண்டது. 38 பெட்டிகள் கவிழ்ந்தன, வினைல் குளோரைடு உள்ளிட்ட ரசாயனங்கள் ஓடைகளில் கலந்தன. மாநிலத்தின் இயற்கை வளத் துறை, அதாவது மீனுக்குச் சின்னம் அனுப்பும் அதே துறை, செத்தவற்றைப் பொறுக்கி எண்ணி மதிப்பிட்டது. செத்த நீர்வாழ் உயிர்கள் 43,000-க்கு மேல். அவற்றில் 38,222 விரல்நீளம் கூட இல்லாத ஓடைமீன்கள். மூன்று மாதம் கழித்து, ஐந்து மீனுக்காக இரண்டு பேர் சிறைக்குப் போனார்கள். ரயில் நிறுவனம் அடுத்த ஆண்டு 60 கோடி டாலர் தந்து மக்கள் தொடுத்த வழக்கை முடித்துக்கொண்டது.

அந்த 38,222 ஓடைமீன்களுக்கு விருதுப் பட்டியலில் இடம் கிடையாது. நீளம் போதாது.