பிரேக் சார்

தஞ்சாவூர்ச் சீமையில் ஊருக்கு ஒரு பிரேக் சார் உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார். வாத்தியார் அமையாத ஊரில் பழைய கணக்குப்பிள்ளையோ கூட்டுறவு சங்கச் செயலாளரோ அந்தப் பதவியை வகிப்பார். மகன் காரில் போவார், பேத்தி ஸ்கூட்டியில் பறப்பாள். இவர் மட்டும் அம்பத்தூர் ஹெர்குலிஸை விட்டு இறங்கமாட்டார். "சைக்கிளை ஓட்ட எவனுக்கும் தெரியும்யா. நிறுத்தத் தெரியணும்" என்பது அவருடைய வேதாந்தம்.

சாருடையது கம்பி பிரேக். ஹேண்டில்பாரிலிருந்து மூட்டு மூட்டாகக் கம்பி இறங்கும். பிடித்தால் லாடம் மாதிரி ஓர் இரும்பு மேலே எழும்பி, இரண்டு ரப்பர்க் கட்டைகளை ரிம்மோடு வைத்து அழுத்தும். விட்டால் தானாக இறங்க வேண்டும். இறங்குமா என்பதுதான் நம் கதை.

டெல்டாவில் பிரேக்குக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம், ஐந்து இறக்கம். மற்றபடி எல்லாம் தட்டை பூமி. மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் தானே நிற்கும். ஆனால் தெரிந்த முகம் எதிரே வந்தால் சட்டென்று நிற்க வேண்டாமா? அதற்குத்தான் சாருக்கு பிரேக்.

ஐப்பசி, கார்த்திகை அவருக்குச் சோதனைக் காலம். நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை வழுக்கும். சக்கரம் சில சுற்றுச் சுற்றி, கட்டை தண்ணீரை வழித்துத் தள்ளிய பிறகுதான் பிடி கிடைக்கும். ஆகவே கண்டியூரில் டீக்கடையில் நிற்க வேண்டுமானால், பெருமாள் கோயில் பக்கமே அழுத்தத் தொடங்கிவிடுவார். அப்படியும் கடையைத் தாண்டித்தான் நிற்பார். "போன மழைக்கு இது நாலடி தேவலை" என்று திரும்பி வருவார்.

மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால் உறைபனிக் காலம். சிரிக்காதீர்கள். விடியற்காலை 20, 21 டிகிரி என்றால் எங்கள் பக்கம் மங்கி குல்லாவும் மப்ளரும் வெளியே வந்துவிடும். அந்தக் குளிரில் தண்ணீர் உறையாது, தேங்காயெண்ணெய் உறையும். 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டிப்பட்டுப் போகும். சார் தலைக்குத் தடவியது போக மிச்சத்தை பிரேக் மூட்டுக்குத்தான் விடுவார். புழுதியோடு சேர்ந்து அது இறுகிக்கொள்ள, பிடித்த பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

எதிரே பஸ்ஸுக்கு ஓடுகிற ஒரு தம்பி அகப்படுவான்.

"என்ன தம்பி, சம்பா கதிர் வாங்கிடுச்சா?"

"வாங்கிடுச்சு சார். பஸ்ஸு..."

"தூரைப் பிரிச்சுப் பார்த்தியா? புகையான் அடியிலதான் உக்காந்திருக்கும்."

"பார்த்தேன் சார். வரட்டுங்களா?"

"இரு, நானும் வர்றேன்" என்று பெடலை அழுத்துவார். சக்கரம் அசையாது. "உறைஞ்சு போச்சுப்பா. வெயில் ஏறினாத்தான் விடும்."

வயசானவரை நடுரோட்டில் விட்டுப் போக யாருக்கு மனசு வரும்? மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி என்று தொடங்குவார். 1924 காவிரி ஒப்பந்தத்துக்குப் போவார். 1934-இல் அணையைக் கட்டி முடித்துவிட்டு, 1990-இல் நடுவர் மன்றத்தை உட்கார வைப்பார். அவர் தீர்ப்புக்கு வருவதற்குள் இரண்டு பஸ் போயிருக்கும்.

எங்கள் ஊர்ச் சாரின் கியாதி டொரண்டோ வரைக்கும் உண்டு. அங்கே மைனஸ் 15-இல் சைக்கிள் பிரேக் அசையவில்லை என்று தங்கை மகன் வீடியோ காலில் புலம்பினான். அவனுடையது ஒயர் பிரேக்; உறைக்குள் புகுந்த ஈரம் ஐஸாகி ஒயரைக் கவ்விக்கொண்டது. ஒயரை உருவி, ஈரம் போகத் துடைத்து, குளிருக்குக் கட்டிப்போகாத மெல்லிய ஆயில் விட்டால் சரியாகும். மாமாவின் வைத்தியம் வேறு: "ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விடுறா."

"பாட்டிலைக் கவுத்தாலும் விழ மாட்டேங்குது மாமா."

"அப்ப வெயிலுக்குக் காத்திரு."

"இங்க அதுக்கு ஏப்ரல் ஆகும்."

"ஆகட்டுமே. அதுவரைக்கும் பேசிக்கிட்டிருப்போம்."

சைக்கிள் கடைக்காரருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. மூட்டை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, தையல் மெஷின் ஆயில் நாலு சொட்டு விட்டால் தீர்ந்தது என்று ஒவ்வொரு மார்கழிக்கும் சொல்கிறார். சாரும் ஒவ்வொரு மார்கழிக்கும் "தை பிறக்கட்டும்" என்கிறார். சார் வீட்டம்மாவின் தையல் மெஷின் என்னவோ அவர் போடுகிற ஆயிலில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

ஒருநாள் விவரமான பையன் ஒருவன் அகப்பட்டான். வெயிலுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. குனிந்து முன்சக்கரத்துக் கம்பியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். கட்டை டக்கென்று இறங்கியது. "அவ்வளவுதான் சார், கிளம்புங்க."

சார் சக்கரத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பிறகு நிதானமாகப் பின் பிரேக்கைப் பிடித்தார்.

"இதையும் கொஞ்சம் பாரேன் தம்பி. இதுவும் விட மாட்டேங்குது. ஆமா, நீ யார் வீட்டுப் பையன்?"