வைஃபை வள்ளலுக்கு ஒரு வாழ்த்து

பாலவாக்கத்து வீட்டுக்கார ஐயா அவர்களே! கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் நடுவே, கடலைப் பார்த்து இறங்கும் தெருக்களில் ஒன்றில் உங்கள் மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. கேட்டில் கட்டியிருக்கும் டு-லெட் பலகையில் நல்ல தண்ணீர், பைக் நிறுத்த இடம் என்ற வரிசையில் ‘வைஃபை உண்டு’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி இந்தப் பக்கம் குடிவருகிறவர்களின் பிழைப்பு எதில் ஓடுகிறது என்று தெரிந்து எழுதிய வரி அது. மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாறிலும் உங்களைப் போன்றவர்கள் உண்டு. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இந்த வாழ்த்து.

முதலில் உங்கள் கருணை. குடிவருகிறவர் எந்த நிறுவனத்தில் இணைப்பு வாங்குவது, எந்தத் திட்டம் மலிவு என்று அலையக் கூடாது என்று நினைக்கிறீர்கள். சாமான் இறங்கும் நாளிலேயே சொல்லிவிடுகிறீர்கள்: “அதெல்லாம் எதுக்கு தம்பி? நம்ம பில்டிங்குக்கு ஒரே கேபிள்காரர்தான். நானே கனெக்‌ஷன் போட்டு வெச்சிருக்கேன். வாடகையோட ஐந்நூறு சேத்துக் குடுத்துடுங்க.” தேர்ந்தெடுக்கும் வேலையையும், தேர்ந்தெடுக்கும் உரிமையையும் ஒரே வாக்கியத்தில் நீங்களே ஏற்றுக்கொள்கிறீர்கள். பிறர் சுமையை இவ்வளவு விரைவாகத் தோளில் வாங்குகிறவர் அரிது.

அடுத்தது உங்கள் சமத்துவம். நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள ஒரே இணைப்பை எட்டு போர்ஷனுக்கும் பங்கு வைக்கிறீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் திறந்தால் ஆளுக்குப் பன்னிரண்டரை. அந்தப் பன்னிரண்டரைக்குள் கணவருக்கு அலுவலகக் கூட்டம், மனைவிக்கு வாடிக்கையாளர் அழைப்பு, பிள்ளைக்கு இணைய வகுப்பு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயைக் கேட்டால், அகலப்பட்டை என்று சொல்லிக்கொள்ள நொடிக்கு 2 மெகாபிட் இருந்தாலே போதும் என்று 2023 முதல் நடப்பிலுள்ள இலக்கணத்தைக் காட்டும். அந்த வகையில் நீங்கள் இலக்கணம் பிழைக்காதவர். வரவிலும் உங்களுக்குப் பிழை இல்லை. எட்டு ஐந்நூறு நாலாயிரம். அத்தகைய இணைப்பு ஒன்றுக்கான மாதக் கட்டணம் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். மீதியைப் பற்றி நீங்கள் எங்கும் வாய் திறந்ததில்லை. பில்லைக் குடித்தனக்காரர் யாரும் கண்ணால் கண்டதும் இல்லை. செய்த உதவியைச் சொல்லிக்காட்டாத அந்த அடக்கம் பெரியது.

ரவுட்டரை நீங்கள் பேணும் அழகைத் தனியே சொல்ல வேண்டும். முதல் மாடியில் உங்கள் கூடத்துக் கண்ணாடி அலமாரியில், தூசு படாமல், விளக்குகள் மின்ன அது வீற்றிருக்கிறது. மூன்றாம் மாடிப் பின்பக்க அறைக்கு அதன் அலை எட்டுவதில்லை. அதனால் அதற்கு அலைச்சலும் இல்லை, தேய்மானமும் இல்லை. தொண்டைமானின் படைக்கலங்கள் பளபளப்பதைப் பார்த்து ஔவையார் பாராட்டினார் அல்லவா? பாலவாக்கமும் தொண்டை மண்டலத்து ஊர்தான். மரபு விட்டுப்போகாமல் காக்கிறீர்கள்.

உங்கள் சுவர்ப் பாசத்துக்கும் ஈடு இல்லை. தன் பெயரில் வேறு இணைப்பு வாங்கிக்கொள்கிறேன், செலவு என்னுடையது என்று குடித்தனக்காரர் கேட்டால், சுவரில் ஓட்டை போடக் கூடாது, மாடியில் கம்பி இழுக்கக் கூடாது என்கிறீர்கள். ஜன்னல் ஓரமாக ஒரு மெல்லிய கண்ணாடி இழைக் கம்பி நுழைவதற்கு, ஏசி குழாய்க்காக நீங்களே போட்டுத் தந்த ஓட்டையில் கால்வாசி இடம் போதும். ஆனாலும் கட்டடத்தின் நலன் என்று வந்தால் நீங்கள் தளர்வதில்லை. உங்கள் கேபிள்காரரின் கம்பிகள் மட்டும் அதே சுவரில் பந்தல் போட்டுத் தொங்குகின்றன. நட்புக்கு நீங்கள் தரும் இடம் அது.

நம்பிக்கையில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. 2017இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம், நில உரிமையாளர், குத்தகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. நீங்கள் பத்து மாத அட்வான்ஸை எண்ணி வாங்கிக்கொண்டு, “நமக்குள்ள எதுக்கு அக்ரிமென்ட்?” என்கிறீர்கள். எழுத்து இல்லாததால் வாடகைதாரரிடம் முகவரிச் சான்று இல்லை. சான்று இல்லாததால் அவர் பெயரில் புதிய இணைப்பு எளிதில் வருவதில்லை. ஒரு காகிதத்தை மிச்சப்படுத்தி எத்தனை காரியத்தைச் சாதித்துவிட்டீர்கள்!

ஒழுக்கத்தைக் கற்பிப்பதிலும் நீங்கள் ஆசான். ஐந்தாம் தேதிக்குள் வாடகை வராவிட்டால் ஆறாம் தேதி காலை பாஸ்வேர்டு மாறிவிடுகிறது. கதவைத் தட்டுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை. மேல்மாடியில் ஒருவருடைய அலுவலகக் கூட்டம் பாதியில் அறுந்துபோகிறது. தகவல் சேர்ந்துவிட்டது. குழாயில் தண்ணீர் வருகிறது, விளக்கும் எரிகிறது. ஏனென்றால் நீங்கள் சட்டம் அறிந்தவர். மேற்சொன்ன சட்டத்தின் 20ஆம் பிரிவு, வாடகைதாரருக்கான அத்தியாவசிய வழங்கலையோ சேவையையோ வீட்டு உரிமையாளர் தானாகவும் நிறுத்தக் கூடாது, ஆள் வைத்தும் நிறுத்தக் கூடாது என்கிறது. அத்தியாவசியம் என்றால் தண்ணீரும் மின்சாரமும் மட்டும்தான் என்று அதை நீங்கள் படித்துக்கொள்கிறீர்கள். மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2இல் ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், அத்தியாவசியச் சேவைப் பட்டியலில் தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு ஆகியவற்றோடு தகவல் தொடர்பு இணைப்புகளையும் சேர்த்திருக்கிறது. அந்தச் சொற்கள் வரும் பக்கம் உங்கள் பிரதியில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பெண்கள் தங்கும் விடுதி நடத்தும் உங்கள் கூட்டாளியையும் விட்டுவிடக் கூடாது. பிள்ளைகள் இரவில் கண் விழிக்கக் கூடாது என்று பத்து மணிக்கு வைஃபையை அணைத்துவிடும் தாயுள்ளம் அவருக்கு. அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் என்பது அந்தப் பாசத்தின் கண்ணில் படவில்லை. கேரளத்தில் ஒரு கல்லூரி விடுதி மாலை ஆறு முதல் இரவு பத்து வரை கைபேசியைத் தடை செய்தது. எதிர்த்த மாணவியை வெளியேற்றியது. ஃபஹீமா ஷிரின் என்ற அந்த மாணவியின் வழக்கில் 2019 செப்டம்பர் 19இல் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று தீர்ப்பளித்து, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்கச் சொன்னது. அங்கே எதிரே இருந்தது ஒரு கல்லூரி. உங்கள் வீட்டுக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தாது என்று நீங்கள் வாதாடலாம். அந்த வாதத் திறமையையும் வாழ்த்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தென்சென்னையைப் புரட்டியபோது உங்கள் ஒற்றுமைக் கொள்கையின் மேன்மை தெரிந்தது. ஒரே கட்டடம், ஒரே கம்பி. அது அறுந்தால் எட்டுக் குடும்பமும் சேர்ந்தே இருளில் இருக்கும். இரண்டு நிறுவனங்களின் இணைப்பு இருந்திருந்தால் ஒரு வீடாவது உறவினருக்குச் செய்தி அனுப்ப வழி இருந்திருக்கும். மின்சாரம் திரும்பிய பிறகும் பழுது நீக்கச் சொல்லிக் குடித்தனக்காரர் புகார் கொடுக்க முடியாது. வாடிக்கையாளர் எண்ணும் பதிவான கைபேசியும் உங்களுடையவை. டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி நிறுவனத்தின் புகார் மையத்துக்கும், அங்கே தீராவிட்டால் மேல்முறையீட்டு அமைப்புக்கும் போகும் வழி உங்கள் பெயரில்தான் திறக்கும். பணம் அவருடையது, குறை சொல்லும் வாய் உங்களுடையது.

வாழ்த்து இத்தோடு போதும். இனி உரிமையைப் பேசுவோம்.

வீடு உங்களுடையது, ஐயா. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் காலத்தில் அந்த வீட்டுக்குள் எந்தக் கம்பி வழியே உலகம் வர வேண்டும் என்பது குடியிருப்பவரின் முடிவு. மற்ற நாடுகள் இதைச் சட்டமாகவே எழுதத் தொடங்கிவிட்டன. ஜெர்மனியில் கேபிள் தொலைக்காட்சிக் கட்டணத்தை வாடகையோடு சேர்த்து எல்லோர் தலையிலும் கட்டும் சலுகை வீட்டு உரிமையாளர்களுக்குப் பல ஆண்டுகள் இருந்தது. 2024 ஜூன் 30உடன் அது முடிந்தது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2022 பிப்ரவரியில், அடுக்ககக் குடியிருப்புகளில் போட்டியை அடைக்கும் வருவாய்ப் பங்கு ஒப்பந்தங்கள் சிலவற்றுக்குத் தடை போட்டது. நம் டிராயும் 2017 ஜனவரியில், கட்டடங்களுக்குள் நுழைய எல்லாச் சேவை நிறுவனங்களுக்கும் பாகுபாடற்ற வாய்ப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பாலவாக்கத்துத் தெருவுக்கு வந்து சேரவில்லை.

வாடகைக்கு வீடு தேடுகிறவர்களே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று வரிகளை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். என் பெயரில், என் செலவில் இணைய இணைப்பு வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்காரர் தரும் வைஃபை வேண்டாம் என்றால் அதற்குப் பணம் இல்லை. வேண்டும் என்றால் பில்லைக் காட்ட வேண்டும், வாடகைத் தகராறுக்காக அதைத் துண்டிக்கக் கூடாது. பிறகு அந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். துண்டித்துவிட்டால் 20ஆம் பிரிவைக் காட்டி வாடகை அதிகார அமைப்பிடம் மனு கொடுங்கள். இணைப்பு பிறர் பெயரில் இருந்தாலும், அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பயன்படுத்துகிறவரையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் என்றே கருதுகிறது. அந்தக் கதவையும் தட்டிப் பாருங்கள்.

தமிழக அரசுக்கு ஒரு கோரிக்கை. 20ஆம் பிரிவின் பொருள் குறித்து வீட்டுக்கு வீடு வாதாட இடம் வைக்க வேண்டாம். வீட்டு இணையமும் அத்தியாவசியச் சேவையே என்றும், தன் இணைப்பைத் தேர்ந்தெடுக்க வாடகைதாரருக்கு உரிமை உண்டு என்றும் சந்தேகத்துக்கு இடமில்லாத தமிழில் ஒரு விதி எழுதுங்கள். வாடகைதாரரின் வேலையும் பிள்ளைகளின் படிப்பும் வீட்டுக்காரர் மாற்றும் ஒரு பாஸ்வேர்டில் தொங்கக் கூடாது.