ஃபைல் ஏற்றிவிடும் அண்ணன்

ஆன்லைன் விண்ணப்பத்தில் ஃபைல் ஏறவில்லை என்று யாராவது முகத்தைத் தொங்கப்போட்டு நின்றால், திருத்தணிக் கடைத்தெருவில் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் அவருக்கென்று ஓர் அண்ணன் உட்கார்ந்திருப்பார். அரக்கோணத்துக்காரருக்கு அவர் 'அண்ணே', நகரியிலிருந்து வருகிறவருக்கு 'அன்னா'. சிவப்பு எழுத்தில் திரை என்ன சொல்கிறது என்று அவர் படிக்கவே மாட்டார். ஃபைல் பெயரிலுள்ள இடைவெளியை அழிப்பார். நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 என்று சேமிப்பார். "எக்ஸெல்ல மட்டும் தொறந்துடாதீங்க" என்று எச்சரிப்பார். படித்தவர்கள் இதைத் தாயத்துக் கட்டும் வேலை என்று சிரிக்கிறார்கள். அது அநியாயம் என்பது என் கட்சி. சிஎஸ்வி ஃபைலிலுள்ள பன்னிரண்டு இலக்க ஆதார் எண்ணை எக்ஸெல் சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போச்சு. மரபணுப் பெயர்களையும் அது தேதியாக்கிவிடுகிறதே என்று அலுத்துப்போன விஞ்ஞானிகள், 2020இல் சில மனித மரபணுக்களுக்குப் பெயரையே மாற்றிவைத்தார்கள். மந்திரம் அண்ணனோடு முடியவில்லை என்று தெரிகிறதல்லவா?

மென்பொருளே வரி எண்ணைச் சொல்லும்போது இவர் எதற்கு என்று கேட்கலாம். 47ஆம் வரியில் பிழை என்கிறது. தலைப்பு வரியைச் சேர்த்தா, சேர்க்காமலா? முகவரிக் கட்டத்துக்குள் யாரோ என்டர் தட்டியிருந்தால் ஒரே ஆள் இரண்டு வரியாகியிருப்பார். அதைவிட, 'மாவட்டம் பொருந்தவில்லை' என்று வந்தால் எந்த வரியைப் போய்த் திருத்துவது? இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டம், பிறகு செங்கல்பட்டு, 1997 முதல் திருவள்ளூர். தாத்தா, அப்பா, பேரன் மூவருடைய காகிதங்களிலும் மூன்று மாவட்டம். குடும்பம் வீட்டைவிட்டு நகரவே இல்லை. ம.பொ.சி. போராடித் திருத்தணியைத் தமிழ்நாட்டுக்கு வாங்கிக் கொடுத்தார். டிராப்டவுனில் இடம் வாங்கித் தர ஆளில்லை. பழைய சித்தூரை இன்றைய பட்டியலில் எந்தப் பெயருக்குக் கீழே தேடுவது என்பது அண்ணனுக்குத்தான் தெரியும்.

அண்ணன் மேல் உண்மையான குற்றச்சாட்டு வேறு. ஏறாத வரியைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டு, "ஏறிடுச்சு சார்" என்று பச்சை டிக்கைக் காட்டுகிறார். இதற்கு வக்காலத்து வாங்க முடியாது. 2020இல் இங்கிலாந்தில் கொரோனா முடிவுகளைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை. ஏறத்தாழ 16,000 பேர் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது. கார் தயாரிப்பில் தேவைப் பட்டியல்களை ரெக்இஃப் ஃபைலாகக் கைமாற்றி, டோர்ஸ் போன்ற மென்பொருளில் ஏற்றும் என்ஜினியர்களிடமும் இதே அண்ணன், கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு, உண்டு. அங்கே அடம்பிடித்த வரி பிரேக் எத்தனை மீட்டரில் நிற்கவேண்டும் என்பதாக இருந்தால், பிழைச் செய்தி ரோட்டில்தான் வரும். பாதி தப்பாக இருந்தாலும் ஏறட்டும், கடைசித் தேதி இன்றைக்கு என்பார்கள் அவசரக்காரர்கள். ஏறட்டும், தூக்கிய வரிகளைத் தனி ஃபைலாகப் போட்டுக் கையில் கொடுத்தால் போதும். அதற்கு அண்ணன் தனியாக இருபது ரூபாய் கேட்பார். பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம்.