அட்டையில யார் பேரு?

பேராண்டி, கிட்ட வா. முள்ளிப்பட்டுத் தறிங்கள்ல ஓடின பழைய கரை, புட்டா பேரையெல்லாம் நோட்டுல சேர்க்கிறியாமே? நல்ல காரியம். உள்ள மூணே மூணு புட்டாதான் இருக்கு; அட்டையில உன் பேரு மட்டும் ஜரிகையாட்டம் மின்னுது. 'தொகுத்த மாமுனி'ன்னு போடாம விட்டியே, அது வரைக்கும் சந்தோஷம்.

வேதத்தை வியாசர் எழுதினாருன்னு பரிச்சையில எழுதினவன்தானே நீ? காதால கேட்டே வந்த எழுதாக்கிளவிக்கு எழுத்தாளன் ஏதுடா? இருந்ததை நாலா வகுத்து, ருக்கைப் பைலருக்கும் யஜுரை வைசம்பாயனருக்கும் சாமத்தை ஜைமினிக்கும் அதர்வணத்தைச் சுமந்துவுக்கும் கொடுத்தாருன்னுதான் புராணம் சொல்லுது. வியாசர்னாலே வகுத்தவர். செஞ்ச வேலையே பேராப் போச்சு. நம்ம வீட்டுக்கு அச்சுப் பிணைக்க வர்றவங்க பழைய பாவு நுனியில புது இழையை ஒண்ணொண்ணாச் சேர்த்துட்டு எழுந்து போறாங்களே, எந்தச் சேலையிலடா அவங்க பேரு இருக்கு?

காட்டுமன்னார்கோயில் நாதமுனி கதை இன்னும் வேடிக்கை. கோயிலுக்கு வந்தவங்க பத்துப் பாட்டுப் பாடினாங்க. குருகூர்க்காரர் பாடின ஆயிரத்துல இது பத்துன்னு கடைசிப் பாட்டுலயே இருக்கு. கேட்டவங்க எல்லாம் பிரசாதம் வாங்கிக்கினு போயிருப்பாங்க. இவரு மட்டும் 'மீதி 990 எங்கே?'ன்னு கிளம்பிட்டாரு. திருக்குருகூர்ல யாருக்கும் தெரியல. மதுரகவியோட பதினோரு பாட்டுதான் கிடைச்சுது. அதைப் புளியமரத்தடியில 12,000 தடவை சொன்னாராம். ஆயிரம் கேட்டவருக்கு ஆழ்வார்கள் பாட்டு நாலாயிரமும் கிடைச்சுது. உனக்கு ரெண்டு தெரு தள்ளிப் போய்க் கேட்கவே கால் வலிக்குது.

தில்லையில நம்பியாண்டார் நம்பி தேடிப் போன தேவார ஏட்டைக் கரையான் தின்னுட்டிருந்துது. 'பாடின மூவரும் வந்தாத்தான் ஏடு இருக்கிற அறைக் கதவைத் திறப்போம்'னு கோயில்காரங்க சொன்னாங்களாம். மூணு பேர் சிலையையும் கொண்டாந்து நிறுத்தினான் சோழ ராஜா. கில்லாடி! புத்துல எண்ணெய் ஊத்தி மிஞ்சினதை எடுத்துத் திருமுறையா முறைப்படுத்தினாரு நம்பி.

'அவரு பாட்டும் உள்ள இருக்கே தாத்தா'ன்னு நீ முறைக்கிறது தெரியுது. இருக்கு; பதினோராந் திருமுறையில அவர் பாடின நூலு பத்து இருக்கு. நீயும் முன்னாடி பத்துத் திருமுறையைச் சேர்த்துட்டு வா, பதினொண்ணுல உனக்கும் திண்ணை போட்டுத் தர்றேன்.

கீழத்தெருக் கிழவிக்கு அம்பது புட்டா பேரு தெரியும். நேத்து என்னையே யாருன்னு கேட்டா. சாயங்காலம் வேணாம், இப்பவே போ.