கொள்ளு தின்ன குதிரை ஓடுச்சு

மருமகனே, நீ எடை குறைக்கப் போற சேதி ஊரு பூராவும் தெரியும். உங்க அம்மா, என் தங்கச்சி, ரேசன் கடை வரிசையிலயே சொல்லிட்டா. தை மாசம் பேலியோ. மாசியில 16 மணி நேரப் பட்டினி. பங்குனியில ஆப்பிள் சிடர் வினிகர். சித்திரையில என்ன விரதம்னு கேக்கலாம்னு பாத்தா, கோயில் கொடைக்கு வந்தவன் கெடாக்கறிப் பந்தியில ரெண்டாவது தடவையா நல்லி எலும்பு தேடிக்கிட்டு இருந்த. நான் வாயத் தொறக்கல. நாலு பேரு முன்னால மருமகனக் கேலி பண்ணலாமா? தனியாக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பண்ணுறதுதான் மொறை.

முன்னாடியே சொல்லிருதேன். என் மக ஆஸ்பத்திரியில நோயாளிகளுக்குச் சாப்பாட்டு அளவு எழுதிக் குடுக்குற சோலி பாக்கா. ஒனக்கு மொறைப்பொண்ணா இருந்து தப்பிச்சவ. இங்க வாற கணக்கெல்லாம் அவகிட்டக் கேட்டது. ஏச்சு மட்டும் என்னுது.

பேலியோ ஆரம்பிச்ச மொத வாரத்துல மூணு கிலோ எறங்கிருச்சுன்னு எடை மிசின போட்டோ எடுத்துச் சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்புனியே, அத நானும் பாத்தேன். ஒன் கால் பெருவிரல் நல்லா விழுந்திருந்துச்சு. ஆனா கணக்குல ஒரு சின்ன இடி. ஒரு கிலோ கொழுப்பு கரையணும்னா ஏறக்குறைய 7,700 கலோரி செலவாகணும். மூணு கிலோவுக்கு 23,000க்கு மேல. நீ ஒரு நாளைக்குத் தின்னுறது 2,500ன்னு வெச்சுக்குவோம். ஏழு நாளும் பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடந்திருந்தாக்கூட 17,500தான் மிச்சமாயிருக்கும். நீயோ மூணு வேளையும் முட்டையும் கோழியும் வெளுத்துக் கட்டியிருக்க. அப்ப அந்த மூணு கிலோ எங்கன போச்சு? பெரும்பங்கு கக்கூசுலதான் போச்சு. ஈரல்லயும் தசையிலயும் உடம்பு கொஞ்சம் மாவுச்சத்தச் சேத்து வெச்சிருக்கும். அதுல ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூணு கிராம் தண்ணி கூடவே தங்கும். சோத்தையும் இட்லியையும் ஒரேயடியா நிறுத்துனா அந்த இருப்பு தீரும், தண்ணி எறங்கும், முள்ளும் எறங்கும். கொழுப்பு அது பாட்டுக்குச் சம்மணம் போட்டு உக்காந்திருக்கும். ஒரு நாள் சாம்பாரு ஊத்திச் சோறு தின்னதும் போன தண்ணி வீடு திரும்பிரும். நீ போட்டோ அனுப்புறத நிறுத்துனதும் அந்த வாரந்தான்.

நம்ம ஊருக் கம்மாய நெனச்சுக்கோ. ஓடையில தண்ணி வருது, மடையில போகுது. ரெண்டுல எது பெருசோ அதுக்குத் தக்கனதான் கம்மாய் பெருகுறதும் வத்துறதும். நீ என்ன பண்ணுத? ஓடைய அகலமாத் தொறந்து வுட்டுட்டு, மடையில குத்தவெச்சுச் செரட்டையால எறைக்க. ஒன்னைய மாதிரி 88 கிலோ ஆளு ஒரு மணி நேரம் விறுவிறுன்னு நடந்தா 300 கலோரி சொச்சம் செலவாகும். ஆபீசுல நாலு காப்பி, காப்பிக்கு ரெண்டு கரண்டி சீனி. 40 கிராம், 160 கலோரி. அரை மணி நேர நடை சீனிக்கே சரியாப் போச்சு. காப்பிக்குத் தொணைக்கு வந்த வடை இன்னும் வரிசையில நிக்கி. ஒரு நாளைக்குச் சேக்குற சீனி 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது. நீ உலகத்துக்கே ஒரு காப்பி கூடக் குடிக்க.

ஒனக்காக நான் பாவப்படவும் செய்யுதேன். நீ பொறந்த எடம் அப்படி. கோவில்பட்டியில பஸ் ஏறி வடக்க போனா சாத்தூரு, காராச்சேவு. எறங்காம இன்னும் போனா விருதுநகரு, எண்ணெயிலயே நீச்சலடிச்சுக் கரையேறுன புரோட்டா. மேற்க திரும்புனா சீவில்லிபுத்தூரு பால்கோவா. தெக்க போனா திருநவேலி அல்வா. கெழக்க தூத்துக்குடி மக்ரூன். சரி, எங்கயும் போகாம உள்ளூர்லயே கெடப்போம்னா, கோவில்பட்டி கடலமிட்டாய் ஊரு. 2020ல புவிசார் குறியீடு வேற வாங்கிருச்சு. நாலு தெசையும் ஒன்னைய வளைச்சுப் புடிச்சிருக்கு. இதுல இளைச்சவன் எவனாவது இருந்தா அவன் பஸ்சுக்குக் காசு இல்லாதவனாத்தான் இருக்கணும்.

அதுக்காக, இனிமே இதுல ஒண்ணையும் தொடமாட்டேன்னு சாமி முன்னால நின்னு சத்தியம் பண்ணிறாத. ஒன் சத்தியம் எனக்கும் தெரியும், சாமிக்கும் தெரியும். கடலமிட்டாய் நல்ல பண்டம். கடலையில புரதம் இருக்கு, 100 கிராம் மிட்டாயில 500 கலோரிக்குப் பக்கத்துலயும் இருக்கு. ஒண்ண எடுத்துக்கிட்டு டப்பாவ மூடுறவனுக்கு அது பலகாரம். டப்பாவ மடியில வெச்சுக்கிட்டு கிரிக்கெட்டு பாக்குறவனுக்கு அது சாப்பாட்டுக்கு முந்தின சாப்பாடு. வாங்குறப்பவே சின்னப் பாக்கெட்டா வாங்கு. வீட்டுல இருந்தா ராத்திரி பத்தரைக்கு அது ஒன்னையப் பேரு சொல்லிக் கூப்பிடும். கடையில இருந்தா சட்டையப் போட்டுக்கிட்டுப் போகணும். நீ போகமாட்ட, ஒன் சோம்பேறித்தனத்துக்கு ஒரு தடவையாவது வேலை குடு.

இன்னொரு கூத்து கேள்விப்பட்டேன். வெள்ளச் சீனி வெசம்னு சொல்லிக் கருப்பட்டிக்கு மாறிட்டியாம். மணத்துக்கு மாறுனேன்னு சொல்லு, ஒத்துக்கிடுதேன். கலோரியில ரெண்டும் பங்காளிங்கதான். சிறுதானியமும் அப்படித்தான். அரிசி 100 கிராம்ல 350 கலோரின்னா, கம்பும் கிட்டத்தட்ட அதேதான். கம்புல நாரு கூட, பசி தாங்கும், அது நெசம். அதக் கஞ்சியாக் குடி, களியாத் தின்னு. நீங்க என்னடான்னா கம்புல முறுக்கு, சாமையில அதிரசம், வரகுல மிச்சரு. உள்ள விழுந்தது எந்தத் தானியம்னு எண்ணெய்க்கு என்ன தெரியும்?

நாங்கல்லாம் கம்மங்கஞ்சி குடிச்சு கருங்காலிக் கட்டையா இருந்தோம்னு நான் பெருமை பேசுவேன்னு எதிர்பாத்திருப்ப. பேசமாட்டேன். கஞ்சியில பாதிக்கு மேல தண்ணி, தொட்டுக்க ஒரு வெங்காயம். அதக் குடிச்சிட்டுக் கமலை எறைக்கணும், பருத்திக்குக் களை வெட்டணும். அதுக்குப் பேரு பத்தியம் இல்ல, பஞ்சம். வாச்சா நாங்களும் ஒன்னைய விட ரெண்டு புரோட்டா கூடத்தான் தின்னிருப்போம். இப்ப வாச்சிருச்சு. டிராக்டரு உழுவுது, மோட்டாரு எறைக்குது, தெருமொனைக் கடைக்கு டிவிஎஸ் எக்ஸெல். ஊருக்குள்ள வந்து பாரு, வேட்டி எங்க நிக்குதுன்னு. 2023ல வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுல நாட்டுல 100 பேருல 39 பேருக்கு மேல வயித்துப் பருமன்னு கண்டிருக்காங்க. அதனால தொந்தியில நீ ஒண்ணும் தனிக்காட்டு ராசா இல்ல, ரொம்பப் பீத்திக்கிடாத.

தொந்தின்னதும் ஞாவகம் வருது. இடுப்பளவு என்னன்னு கேட்டா ‘34 மாமா’ங்க. அது பேண்ட்டு அளவுலே. பேண்ட்ட நீ தொந்திக்குக் கீழ, பள்ளத்துல கட்டியிருக்க. தையக்காரன் டேப்ப வாங்கித் தொப்புளச் சுத்திப் புடிச்சுப் பாரு, மூச்ச இழுத்துக்கிடாம. நம்ம நாட்டு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டரு, பொம்பளைக்கு 80. அதுக்கு மேல போனா எடை மிசின் என்ன சொன்னாலும் உள்ள கொழுப்பு கூடிப்போச்சுன்னு அர்த்தம். மிசினு உப்பு கூடுனா ஒரு கிலோ ஏறும், பேதி ஆனா ஒரு கிலோ எறங்கும். தினமும் அதுமேல ஏறி நின்னு மூஞ்சியத் தொங்கப்போடாத. வாரத்துக்கு ஒரு தடவ போதும்.

சரி, என்னதான் திங்கன்னு கேக்க. தட்டுல பாதிய காயும் கீரையும் பழமும் ரொப்பணும்னு ஐதராபாத்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல எழுதியிருக்கு. நம்ம வீட்டுல எப்படி? சோறு மலையா நிக்கும், வெஞ்சனம் ஓரமாத் திருஷ்டிப் பொட்டு அளவுக்கு இருக்கும். அத மாத்து. சோத்துக்கு வெஞ்சனம் தொட்டுக்கிட்டது போதும், வெஞ்சனத்துக்குச் சோத்தத் தொட்டுக்கோ. பருப்பு, பயறு, மீனு, முட்டை ஏதாவது ஒண்ணு வேளா வேளைக்கு இருக்கணும். இல்லன்னா எடை கொறையுறப்பக் கொழுப்போட சேந்து தசையும் போயிரும். அதுக்குன்னு ஆயிரக்கணக்குல காசு குடுத்துப் பவுடரு டப்பா வாங்கி வெச்சிருக்க. ஒரு முட்டையில ஆறு கிராம் புரதம், நம்ம கோழி சும்மா இடுது. அந்த டப்பா எப்பக் காலியாகும், உளுந்து போட்டு வைக்கலாம்னு ஒங்க அத்தை நாளு எண்ணிக்கிட்டு இருக்கா.

எண்ணெய்க்கு மட்டும் ஒரு கணக்கு சொல்லுதேன், அத ஒம் பொண்டாட்டிகிட்டச் சொல்லாத, நீயே மளிகைச் சீட்டப் பாரு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 கிராமுக்குள்ள. மாசத்துக்கு ஒரு லிட்டருக்கும் கொறைவு. வீட்டுல நீங்க மூணு பேரு, சின்னப்புள்ளையும் சேத்து. மாசம் அஞ்சு பாக்கெட்டு வாங்குதீங்க. அதுபோக வாரத்துக்கு ரெண்டு நாளு ஓட்டல். எந்தச் சட்டியில எவ்வளவு போகுதுன்னு சண்டை போடாம, அடுத்த மாசம் நாலு வாங்கு. அதுக்கடுத்த மாசம் மூணு. தாளிப்பு தானா அளவுக்கு வந்துரும்.

இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு பெரியவங்க சொன்னதப் புடிச்சுக்கிட்டு, தெனமும் கொள்ளு ரசம் குடிக்கியாம். குடி, நல்லதுதான், புரதமும் நாரும் உள்ள பயறு. ஆனா கொள்ளு தின்ன குதிரை ஓடுச்சுலே. தின்னுட்டு ஏசி ரூமுல சுத்துற நாக்காலியில உக்காந்திருக்கல. வாரத்துக்கு 150 நிமிசம் மூச்சு வாங்குற மாதிரி நடைன்னு சொல்லுதாங்க. அஞ்சு நாளு, நாளைக்கு அரை மணி. ஒன் கைக்கடிகாரம் 10,000 அடி, 10,000 அடின்னு கத்துதே, அது 1965 வாக்குல ஜப்பான்ல அடி எண்ணுற கருவி விக்கிறதுக்காக வெச்ச எண்ணு. அதுக்கு நீ ராத்திரி பதினோரு மணிக்கு ஹால்ல குறுக்கும் நெடுக்கும் நடந்து வீட்டுல உள்ளவங்க தூக்கத்தக் கெடுக்க வேண்டாம். ஒன் தூக்கமும் கெடும்; தூக்கம் கெட்டவனுக்கு மறுநாள் பசி கூட எடுக்கும். வாரத்துல ரெண்டு நாளு தசைக்கு வேலை. ஜிம்முக்குத்தான் போகணும்னு இல்ல. தரையில சம்மணம் போட்டு உக்காந்து, கைய ஊனாம எந்திரி பாப்போம். என்ன, செவத்தப் புடிக்க? அப்ப இன்னைக்கே ஆரம்பி. மொத மாடிக்கு லிப்டுல போறதையும் விட்டுரு. அந்த லிப்டு வயசாளிகளுக்கு வெச்சது.

ஒனக்கு அவசரம்னு தெரியுது. அவசரப்பட்டவங்க கதை ஒண்ணு சொல்லுதேன். அமெரிக்காவுல ‘பிக்கெஸ்ட் லூசர்’னு எடை குறைக்கிற டிவிப் போட்டி. அதுல கலந்துக்கிட்ட 14 பேர ஆறு வருசம் கழிச்சுக் கூப்பிட்டு அளந்திருக்காங்க. ஆய்வு 2016ல வந்துச்சு. போட்டியில சராசரியா ஆளுக்கு 58 கிலோ கொறைச்சவங்க, 41 கிலோவத் திரும்ப வாங்கிட்டாங்க. அதவிடக் கொடுமை, சும்மா இருக்கையில உடம்பு செலவழிக்கிறது, இருக்க வேண்டியத விட நாளைக்கு 500 கலோரி கொறைஞ்சே கெடந்திருக்கு. உடம்பு பஞ்சம் வந்துருச்சுன்னு நெனச்சுச் செலவச் சுருக்கிருச்சு. நம்ம மெட்ராசு கதை வேற. சக்கரை வரப்போற நெலமையில இருந்த 531 பேர வெச்சு, டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்துன ஆய்வு, 2006ல வெளியாச்சு. சாப்பாட்டையும் நடையையும் திருத்திக்கிட்டவங்களுக்குச் சக்கரை வாற வாய்ப்பு 28.5 சதவீதம் கொறைஞ்சிருக்கு. வேடிக்கை என்னன்னா, அவங்களுக்கு எடை பெருசா எறங்கவே இல்ல. முள்ளு அசையலன்னு அவங்க பாதியில விட்டிருந்தா?

ஒனக்கும் 88ல இருந்து 65க்குப் போகணும்னு ஆசை, கல்யாண ஆல்பத்தப் பாத்திருக்க. மொதல்ல நூத்துக்கு அஞ்சு பங்கு, நாலரைக் கிலோ கொறை. அதுலயே ரத்தக்கொதிப்பும் சக்கரையும் கொஞ்சம் தணியும். வாரம் அரைக்கிலோ போதும். காப்பிச் சீனி, ஒரு வடை, கரண்டி எண்ணெய், அரை மணி நடை, அதுக்கு மேல பெருசா ஒண்ணும் வேண்டாம். சில மாசத்துல முள்ளு நின்னுரும். கொறைஞ்ச உடம்புக்குத் தீனியும் கொறைவாத்தான் வேணும், அதனால நிக்கும். அன்னைக்கு யூடியூப்பத் தொறந்து புதுசா ஒரு சாமியாரத் தேடாத.

ஆவணியில ஒங்க சின்ன மாமா வீட்டுக் கல்யாணம். இப்பவே லீவு சொல்லிரு. வந்து ‘நான் டயட்டு’ன்னு எலைய மூடிக்கிட்டு உக்காந்து சமையக்காரன் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிடாத. பாயசம் ஒரு தடவ வாங்கு, அப்பளம் ஒண்ணு வாங்கு, மறுநா காலையில எந்திரிச்சு நட. பந்தியில எனக்கு எடது பக்கத்து எலையப் புடிச்சு உக்காரு. ஒனக்கு வெச்ச வடையையும் சிலேபியையும் அத்தை பாக்குறதுக்குள்ள என் எலைப் பக்கம் தள்ளிரு. எனக்கு 76 வயசாகுது, எடை 48 கிலோ. கூட்டச் சொல்லி டாக்டரு சீட்டுல எழுதியே குடுத்திருக்காரு.