போர்த்துக்கேயருக்கு முடியாததைச் செய்த கிற்றார்

1619இல் அரசன் சங்கிலியனைப் பிடித்து யாழ்ப்பாணத்தைச் சுருட்டிய போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்கள். இடையில் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள், சனத்தை வேதத்தில் சேர்த்தார்கள், வரி கறந்தார்கள். என்ன செய்தும் எங்கள் பெரியவர்கள் ஒருவரின் இடுப்பையாவது அசைக்க அவர்களால் முடியவில்லை. அந்த வேலையை முடித்துவைத்தவர் உரும்பிராய் நித்தி கனகரத்தினம். பீரங்கி இல்லை, பாதிரியார் இல்லை. ஒரு கிற்றார்.

புத்தூர் நிலாவரைக் கிணற்றில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்பது எங்கள் பக்கத்து வாக்கு. போட்டவரையும் தெரியாது, எடுத்தவரையும் தெரியாது. நம்பாதவனைத்தான் ஊருக்குத் தெரியும். பைலாவும் அப்படி வந்த சரக்கே. போர்த்துக்கேயரும் அவர்கள் கூட்டிவந்த ஆபிரிக்கப் படையாட்களும் போட்டுவிட்டுப் போன தாளம், தெற்குக் கரையோரம் ஊறிக் கிடந்து, வொலி பஸ்தியான் என்ற பொலிஸ்காரர் வாயில் சிங்களப் பைலாவாகி, 1960களில் அம்பாறை ஹாடி தொழில்நுட்ப நிறுவகத்தில் மிதந்தது. அங்கே படிக்கப் போயிருந்த நித்தி அதை அள்ளித் தமிழில் 'சின்ன மாமியே' என்று பாடிவிட்டார்.

ஊர் அதிர்ந்ததில் நியாயம் உண்டு. அளவெட்டியில் தட்சணாமூர்த்தியின் தவில், மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம். கோயில் வீதியில் விடிய விடிய மேளம் கேட்டுத் தலையாட்டும் சனத்துக்கு நடுவில் இது என்ன கூத்து? அதைவிடப் பெரிய குற்றம் பாட்டின் சங்கதி. ஒருவருடைய மகளைப் பற்றி விசாரிக்க எங்கள் ஊரில் தரகர் வேண்டும், சாதகம் வேண்டும், சீதனக் காணியின் உறுதி வேண்டும். இந்தப் பெடியன் எதுவும் இல்லாமல் நேரே மாமியிடமே கேட்கிறான். அதுவும் தாளத்தோடு.

இந்தத் தமிழ்ப் பொப்பிசையை வளர்த்தது இலங்கை வானொலி என்பார்கள். என் கணிப்பில் பாதிப் புகழ் செத்தல் மிளகாய்க்குப் போகவேண்டும். 1970இல் வந்த சிறிமா அரசாங்கம் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் படலையைச் சாத்தியது. தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளுக்கும் கட்டுப்பாடு போட்டது. புத்தூர்ச் செம்மண்ணில் நின்றவன் மடியில் காசு. காசு வந்தால் றேடியோ வரும், றேடியோ வந்தால் நித்தி வருவார். தோட்டத்துக்கு இறைக்கும்போது பெடியள் பாடினார்கள். தகப்பன்மார் காது கேளாதவர்கள்போல் பாத்தி கட்டினார்கள். ஆனால் மண்வெட்டி மட்டும் தாளம் தப்பவில்லை.

'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' என்று அவர் குடிகாரனை மன்றாடிய பாட்டுக்கு நேர்ந்த கதி தனிச் சரித்திரம். அதை அதிகம் பாடியவர்கள் தவறணையில் இருந்தார்கள், கையில் பிளாவோடு. மதுவிலக்குக்காரருக்கு இவ்வளவு நல்ல பாட்டும் கிடைத்ததில்லை, இவ்வளவு ஒற்றுமையான தோல்வியும் கிடைத்ததில்லை.

பக்கத்திலேயே ஏ. ஈ. மனோகரன், 'சுராங்கனி'யோடு. அந்தப் பாட்டை 1977இல் இளையராஜா 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் எடுத்தாண்டார். அதுவரை முகம் சுளித்த எங்கள் ஆட்கள், மெட்ராஸ் முத்திரை விழுந்ததும் "அது எங்கட பாட்டெல்லோ" என்று உரிமை கொண்டாடினார்கள். மனோகரன் சென்னைக்குப் போய்ப் படங்களில் வில்லனாக அடிவாங்கி, 2018இல் அங்கேயே காலமானார். நித்தி அவுஸ்திரேலியாவில் குடியேறினார். நாங்களும் ஊரை விட்டு ஓடினோம்; ஓடியவன் பெட்டிக்குள் தேவாரப் புத்தகம் இருந்ததோ இல்லையோ, வாய்க்குள் சின்ன மாமி இருந்தாள்.

மெல்பேணோ ரொறன்ரோவோ, பழைய மாணவர் சங்க இரவுக்குப் போய்ப் பாருங்கள். மங்கள விளக்கு, தலைவர் உரை, பரதநாட்டியம், பொருளாளர் அறிக்கை. எல்லாவற்றையும் சனம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கும், கடைசியில் அந்தக் கிற்றார் வரும் என்ற ஒரே நம்பிக்கையில். வந்ததும், முழங்கால் சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுத்தவர்தான் முதலில் எழும்புவார். ஒருகாலத்தில் மாமியிடம் விசாரிக்கப்பட்ட மகள்மாரெல்லாம் இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள். அவர்களும் சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு இறங்குவார்கள்.

ஆடி முடித்து வியர்க்க விறுவிறுக்க வந்தமரும் பெரியவர், கைபேசியில் படமெடுத்த பேரனை உடனே மறிப்பார்:

"தம்பி, உதைப் பேஸ்புக்கில போட்டிடாதை. ஊரில சனம் பாக்கும்."