சீசன் முதலாளி

ஏப்ரல் மாதத்தில் சொந்த வீட்டில் படுத்துத் தூங்குகிறவனை நுவரெலியாவின் சீசன் முதலாளி மனிதனாகவே மதிப்பதில்லை. குதிரைப் பந்தயமும் விக்டோரியா பூங்கா மலர்க் கண்காட்சியும் பார்க்கக் கொழும்பே மலையேறி வருகிறது. அந்த நேரத்தில் நாலு அறையை வைத்துக்கொண்டு அதில் தானே குடியிருப்பது அவர் கணக்கில் சுத்த ஊதாரித்தனம்.

அவர் பிறந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில். தோட்டங்கள் 1975 இல் அரசாங்கத்திடம் போயின, 1992 இல் திரும்பவும் கம்பனிகளிடம் வந்தன. இரண்டு முறையும் லயமும் சேர்ந்தே கைமாறியது. உள்ளே இருந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகவே அப்பாவின் சேமலாப நிதி, மனைவியின் அடகு வைத்த சங்கிலி, ஒரு சீட்டு எல்லாம் சேர்ந்து டவுனுக்குப் பக்கத்தில் பத்துப் பேர்ச் காணியானதும், நொத்தாரிசின் கையெழுத்து காயுமுன்பே உறுதியை லேமினேட் செய்துவிட்டார். ஏக்கருக்கு 160 பேர்ச். அதில் பத்து என்பது பதினாறில் ஒரு பங்கு. "பெரிய தொரைக்கே தோட்டம் சொந்தமில்லீங்க, அவரும் சம்பளக்காரர்தான்" என்பார். மறுக்க முடியாது.

வீட்டுக்கு 'வியூ' என்று முடியும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் காணியின் லீக்ஸ் பாத்தி தெரியும்.

வாடகையை அவர் முன்கூட்டிச் சொல்வதில்லை. வந்து நிற்கும் வாகனத்தைப் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். பழைய வேனுக்கு ஒரு விலை, பிராடோவுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. அறை ஒன்றேதான்.

"ஹொட் வோட்டர் இருக்கா?"

"இருக்கு சேர். ஒராள் குளிச்சா மத்தவங்க கொஞ்சம் பொறுக்கணும்."

எவ்வளவு நேரம் என்பது மின்சாரக் கட்டணப் பட்டியலைப் பொறுத்தது. காலை ஆறு மணிக்குக் குரங்குக் குல்லாய் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஹீட்டர் சுவிட்சுகளைப் பார்வையிடும்போது அவருக்கு அசல் தொரையின் நடை வந்துவிடும். அதை அவர் யாரிடமும் போய்ப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

சீசன் முடியும்வரை அவர் சமையலறையில் படுக்கிறார். மனைவி மக்கள் தோட்டத்தில், அம்மாவின் லயத்தில்.

"ஏங்க, லயத்த விட்டு வரத்தானே இந்த வீட்டக் கட்டுனோம்?"

"அது மத்த பதினோரு மாசத்துக்கு."

அந்தப் பதினோரு மாதத்துக்கும் ஓர் அறையில் டீச்சர் ஒருவர் வாடகைக்கு இருக்கிறார். மார்ச் பிறந்ததுமே முதலாளிக்கு டீச்சர்மீது பாசம் பொங்கும். "வருசப் பிறப்புக்கு அம்மாவப் பாக்கப் போகலியா டீச்சர்? பாவம், வயசானவங்க." ஸ்கூல் லீவில் டீச்சர் பஸ் ஏறிய அன்று மாலையே அந்த அறையில் கொழும்புக் குடும்பம் ஒன்று இறங்கியிருக்கும். டீச்சர் ஏப்ரல் மாத வாடகையையும் ஒழுங்காகக் கட்டியிருப்பார்.

ஆனால் 2019 ஏப்ரல் 21 இல் குண்டுகள் வெடித்ததும் விருந்தினர்கள் மூட்டை கட்டினார்கள். 2020 ஏப்ரலில் நாடே ஊரடங்கில் கிடந்தது. 2022 இல் பெட்ரோலும் இல்லை, மின்சாரமும் இல்லை. அந்த வருடங்களில் அவரைக் காப்பாற்றியது டீச்சரின் மாத வாடகை ஒன்றுதான். நன்றி மறக்காதவர், அதிலிருந்து டீச்சரின் தலையணை உறையை மட்டும் சீசனுக்குக் கொடுப்பதில்லை.

காணி வாங்க யோசனை கேட்டு வரும் தோட்டத்துப் பையன்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம், "வாடகை இல்லாத எடம் ஒன்னக் கையில வச்சிக்கிட்டு எறங்கு." அவருக்கு அந்த இடம் அம்மாவின் காம்பரா. ஏழு பேர்ச் திட்டம், இந்திய வீட்டுத் திட்டம் என்று தோட்டங்களில் புது வீடுகள் எழும்பினாலும் அந்த லயத்துக்கு முறை இன்னும் வரவில்லை. வந்தால் நல்லதுதான், அதையும் சீசனுக்கு விடலாமா என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

ஏப்ரலில் நுவரெலியா போகிறவர்கள் வாகனத்தைச் சந்தியிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய் விலை கேளுங்கள். அலுமாரியில் சாக்பீஸ் பெட்டி இருந்தால் அது டீச்சருடையது, தொடாதீர்கள்.